மிசியைக் கேளுங்கள்: தாளம் தப்பும் நெஞ்சு

வார்டில் மிசியாக (தாதியாக) இருந்த நான், சென்ற இதழில், மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிடம் உங்கள் நாடியை எண்ணிப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். எண்ணியவர்களைவிடப் பயந்தவர்கள்தான் அதிகம் போலிருக்கிறது. மேசையில் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆறு பேருக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர் போடாதீர்கள் என்று பாதிப் பேர் கேட்டதால், எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: மிசி அவர்களுக்கு வணக்கம். எனக்கு 52 வயது. தொழிற்சாலையில் டெக்னீஷியன், ஷிப்ட் வேலை. கம்பெனியில் எடுத்த உடல் பரிசோதனையில் நாடி ஒழுங்கில்லை என்று இ.சி.ஜி. எடுத்தார்கள். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றார்கள். எனக்கோ ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சு வலி இல்லை, மயக்கம் இல்லை. 20 வருடமாகத் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுக்கிறேன். இனி ஏறலாமா? வெள்ளி, சனி இரவில் கூட்டாளிகளோடு நாலைந்து பியர் உண்டு, மற்ற நாளில் தொடுவதில்லை. மனைவி என்னவோ கோப்பியை நிறுத்தச் சொல்கிறாள்.

தம்பி, ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதிலிருந்து தொடங்குகிறேன். இந்த நோயில் அது சகஜம். வார்டில் நான் பார்த்த பலருக்கு, வாய் கோணி, கை விழுந்து, படுக்கையில் வந்து சேர்ந்த பிறகுதான் நெஞ்சு தாளம் தப்பி ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. பரிசோதனைக்கு வரிசையில் நிற்க அன்றைக்கு அலுத்துக்கொண்டிருப்பீர்கள். அடுத்த வருடமும் போய் நில்லுங்கள்.

இதயத்தின் வலது மேலறையில் சின்னதாக ஒரு திசு இருக்கிறது. மேளக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர் மாதிரி. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தட்டு. அவர் தட்டினால் மேலறை இரண்டும் ஒன்றாகச் சுருங்கி, ரத்தத்தைக் கீழறைக்கு இறக்கும். உங்களுக்கு வந்திருக்கும் நோயில் அவர் தட்டுவது யாருக்கும் கேட்பதில்லை. தைப்பூசத்தன்று ஒரே தண்ணீர்ப் பந்தலுக்கு முன்னால் பத்து உறுமிக் குழு வந்து நின்று ஆளுக்கொரு தாளம் அடித்தால் எப்படி இருக்கும்? மேலறையில் நிமிடத்துக்கு 350-க்கும் மேலே மின்துடிப்பு. அறை சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்குகிறது. நல்லவேளை, நடுவில் ஒரு வாசல்காரர் இருக்கிறார். வருவதையெல்லாம் கீழே விடமாட்டார். அவரைத் தாண்டி வருகிறதே, அதுதான் மணிக்கட்டில் முன்னும் பின்னுமாகத் தட்டுப்படுகிறது.

நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கும். இடது மேலறையில் காதுமடல் மாதிரி ஒரு பை தொங்குகிறது. பெரும்பாலும் அதில்தான் ரத்தம் உறையும். உறைந்த துண்டு மூளைக்குப் போனால் ஸ்ட்ரோக். இந்த நோய் உள்ளவருக்கு ஸ்ட்ரோக் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதனால் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி மலையைப் பற்றி அல்ல. ‘ரத்தம் உறையாமல் இருக்க எனக்கு மருந்து வேண்டுமா?’ என்று கேளுங்கள். வயது, ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், இதயம் பலவீனமா, முன்பு ஸ்ட்ரோக் வந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுத்தான் முடிவு செய்வார்கள். உங்கள் வயதில் வேறு நோய் எதுவும் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். அதை அவர்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் போதும் என்று கூட்டாளி யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த வேலைக்கு ஆஸ்பிரின் ஈடாகாது.

அடுத்தது பியர். ‘மற்ற நாளில் தொடுவதில்லை’ என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்து இரண்டு இரவில் குடிப்பதால் வரும் கோளாறுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு, ‘விடுமுறை இதயம்’. வார இறுதியிலும் பண்டிகையிலும் குடித்துவிட்டு, தாளம் தப்பிய நெஞ்சோடு வந்தவர்களைப் பார்த்து எட்டிங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 1978-இல் வைத்த பெயர். தீபாவளிக்கு மறுநாள் வேலைக்கு நின்ற எந்த மிசியைக் கேட்டாலும் பெயர் தெரியாமலே இதைச் சொல்லுவாள். ஆஸ்திரேலியாவில் இந்த நோயும் குடியும் சேர்ந்திருந்த 140 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குடியை நிறுத்தச் சொல்லி, மறு பாதியை வழக்கம்போல் விட்டார்கள். 2020-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில், வழக்கம்போல் குடித்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. நிறுத்தச் சொன்னவர்களில் 53 விழுக்காடு. மாத்திரை, மருந்து எதையும் கூட்டாமல், கிளாஸைக் கீழே வைத்ததற்கே இவ்வளவு.

நீங்கள் பால்குடம் எடுக்கிறவர், 48 நாள் விரதம் இருப்பீர்கள்தானே? அதை நினைத்துப் பாருங்கள். குடி இல்லை, புகை இல்லை, இறைச்சி இல்லை, நேரத்தோடு குளியல், நேரத்தோடு படுக்கை. இருதய மருத்துவர் உங்களுக்கு எழுதித் தர ஆசைப்படும் சீட்டு ஏறக்குறைய இதுதான். தோட்டத்தில் எங்கள் அப்பா டிரெஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தார். சம்சுவும் கள்ளும் குடித்துக் கீழே விழுந்தவர்களுக்குக் கட்டுப்போட்டே அவருக்குக் காலம் போனது. வருடத்தில் இரண்டு மாதம்தான் டிஸ்பென்சரி காற்றாடும், அது தைப்பூசத்துக்கு முந்திய விரத காலம் என்பார். கெடுவது எங்கே என்றால், மலையிறங்கிய மறுநாள் ‘விரதம் விடுகிறோம்’ என்று பெட்டி பெட்டியாகத் திறக்கிறோமே, அங்கே. 48 நாள் ஓய்வெடுத்த நெஞ்சின்மேல் ஒரே இரவில் எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். இந்த முறை சைவத்தை வேண்டுமானால் விடுங்கள், பியருக்கு மட்டும் விரதத்தை ஆறு மாதம் இழுத்துப் பாருங்கள்.

மலை ஏறலாமா? துடிப்பின் வேகம் மருந்தில் கட்டுப்பட்டிருக்கிறது, இதயத்தின் பலம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு ஏறலாம். 513 படி. வருடம் முழுக்க லிஃப்டில் போய்விட்டு அன்றைக்கு மட்டும் தலையில் குடத்தோடு ஏறுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மலையடியிலேயே பூமலைத் தோட்டம் இருக்கிறது. இன்றிலிருந்து தினமும் அரை மணி வேகமாக நடங்கள். வாரத்துக்கு 210 நிமிடம் ஆகும். இந்த நோய்க்காரர்களுக்கு அமெரிக்க மருத்துவர்கள் 2023-இல் வகுத்த வழிகாட்டியிலும் அதே கணக்குதான். அன்றைக்கு வெறும் வயிற்றில் தண்ணீரும் குடிக்காமல் கிளம்பாதீர்கள். விரதம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூச்சு இறைத்தாலோ கண் இருட்டினாலோ படியில் உட்காருங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எடையை எழுதவில்லை. மறந்தீர்களா, மறைத்தீர்களா? 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள். இரவு ஷிப்ட் முடிந்து, குழம்பு ‘பன்ஜிர்’ ஊற்றிய நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுக்கிற ஆள் அந்தக் கணக்கில் இல்லாமல் இருந்தால் அதிசயம். அடிலெய்டு நகரத்து ஆய்வொன்று 2015-இல் வந்தது. குண்டாக இருந்த இதே நோய்க்காரர்களில், எடையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைத்தவர்களுக்குத் தாளம் தப்பாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. 90 கிலோ என்றால் 9 கிலோ. குறைத்துவிட்டு ஏற்றி, ஏற்றிவிட்டுக் குறைத்தவர்களுக்கு அந்தப் பலன் தேய்ந்துபோனது. ஆகவே ஒரு மாதத்தில் இளைக்க வேண்டாம். ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பியைப் பற்றிக் கடைசிக் கடிதத்தில் வருகிறேன். அதுவரை மனைவியிடம் வாய் கொடுக்காதீர்கள்.

பட்டர்வொர்த் வாசகி: என் கணவருக்கு 48 வயது, லாரி ஓட்டுகிறார். அவர் விடும் குறட்டையில் பிள்ளைகள் அறையை மாற்றிக்கொண்டார்கள். நடு நடுவே சத்தமே நின்று, பிறகு திணறிக்கொண்டு மூச்சு வரும். குறட்டைக்கும் நெஞ்சுத் துடிப்புக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, தங்கச்சி. இதை நான் புத்தகத்தில் படித்ததோடு நிற்கவில்லை.

எனக்கே இந்த நோய் இருக்கிறது. 61 வயதில் கோயில் மண்டபத்தில் ஓர் இலவசப் பரிசோதனை முகாம். ஆட்கள் வருமுன் கருவி சரியாக இருக்கிறதா என்று என் கையில் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தேன். திரையில் ஓர் இதயப் படம் விட்டுவிட்டு மினுக்கியது. பேட்டரி பழசு என்று மாற்றினேன். மறுபடி மினுக்கியது. புதுப் பேட்டரி போடச் சொல்லி உதவிக்கு வந்த பையனைக் கடைக்கு அனுப்பினேன். அவன் வாங்கி வருவதற்குள் தற்செயலாகத்தான் மணிக்கட்டைப் பிடித்தேன். 31 வருடம் ஊரார் கையைப் பிடித்து எண்ணியவள், என் கையைப் பிடிக்க இரண்டு செட் பேட்டரி செலவானது.

இருதய மருத்துவர் முதல் நாளே கேட்டார், ‘குறட்டை உண்டா?’ இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பல வருடமாக அவர் ஹாலில்தான் படுக்கிறார். மின்விசிறிக் காற்று அங்கே நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், பாவம். குறட்டை ஆம்பிளைகள் சமாச்சாரம் என்று நானே நினைத்திருந்தேன். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் கூடும். தூக்கப் பரிசோதனையில் எனக்கு மணிக்கு 34 தடவை மூச்சு தடைபட்டது. ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இறங்கும், ரத்தக் கொதிப்பு ஏறும், அடைபட்ட தொண்டைக்கு எதிராக இழுக்கும் இழுப்பில் மேலறைச் சுவர் விரியும். இப்படி இரவு முழுக்க, வருடக்கணக்கில். அந்தச் சுவரில் தழும்பு விழாமல் என்ன செய்யும்?

மாயோ கிளினிக் மருத்துவர்கள் 2003-இல் எழுதிய ஆய்வு ஒன்றில், மின்அதிர்வு கொடுத்துத் தாளத்தைச் சரிசெய்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். தூக்க மூச்சடைப்புக்கு வைத்தியம் பார்க்காதவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. வைத்தியம் பார்த்தவர்களில் 42. பிற்பாடு இன்னும் கறாராக நடந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கணவர் லாரி ஓட்டுகிறார். பகலில் கண் சொக்கி, நெடுஞ்சாலையில் ஒரு நொடி தூங்கினால் நெஞ்சைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, ‘மூச்சு நின்று திணறுகிறார்’ என்று அப்படியே சொல்லுங்கள். ‘குறட்டை விடுகிறார்’ என்றால் சிரித்து அனுப்பிவிடலாம். முடிந்தால் ஓர் இரவு கைப்பேசியில் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்கட்டும், இரவில் குடி வேண்டாம். காற்றை ஊதித் தொண்டை அடைபடாமல் வைக்க மூக்கில் மாட்டும் ‘சிபேப்’ கருவி கொடுத்தால் முதல் மாதம் திட்டுவார். நானும் திட்டினேன். என் வீட்டுக்காரர் இப்போது அறைக்குத் திரும்பிவிட்டார்.

நிபோங் திபால் வாசகி: என் மாமியாருக்கு 71 வயது. இதே நோய்க்கு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கீரை ஆகாது என்று யாரோ சொன்னதால் ஆறு மாதமாக வீட்டில் கீரையே இல்லை. இப்போது, ‘இது எலிப் பாஷாணமாமே’ என்று மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறார்.

மாமியார் சொல்வது பொய் இல்லை. 1948-இல் அது எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதித்தார்கள். அடுத்த வருடமே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்குக் கொடுத்தார்கள். அதிபரே சாப்பிட்ட மருந்து என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கொய்னா (குயினின்) கதையைச் சொல்லுங்கள், தோட்டத்தில் பிறந்தவர் என்றால் அந்தக் கசப்பு நாக்கில் இருக்கும். மலேரியாவுக்காக அப்பா பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி வாயில் ஊற்றுவாரே, அது. வென்கபாக் என்ற டச்சு மருத்துவரிடம் ஒரு வணிகர் தாளம் தப்பிய நாடியோடு வந்தார். உங்களால் முடியாவிட்டால் என்ன, நானே நிறுத்திக் காட்டுகிறேன் என்று கொய்னாவை விழுங்கி, மறுநாள் ஒழுங்கான நாடியோடு வந்து நின்றாராம். 1914-இல் மருத்துவர் அதை எழுதிவைக்க, அதிலிருந்துதான் இதயத்துக்கென்று ஒரு மருந்துப் பரம்பரையே கிளம்பியது. நீங்கள் யாரும் விழுங்கிப் பார்க்க வேண்டாம், அளவு தப்பினால் அதே மருந்து நெஞ்சை நிறுத்திவிடும்.

கீரை விஷயத்துக்கு வருகிறேன். கீரையில் உள்ள வைட்டமின் ‘கே’ வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும், உண்மை. அதற்காகக் கீரையை ஒழிக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஒரு வாரம் ஒன்றுமில்லாமல், அடுத்த வாரம் தினமும் முருங்கைக்கீரைப் பொரியல் என்றால்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கணக்கு ஆடும். அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒன்று முக்கியம்: ஆறு மாதமாகக் கீரை இல்லாத உடம்புக்குத்தான் இப்போதைய அளவு போட்டிருக்கிறார்கள். கிளினிக்கில் சொல்லிவிட்டுத்தான் கீரையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கேட்காமல் ஜாமு, ஜின்செங், முட்டிவலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். மலம் கறுத்தால், ஈறில் ரத்தம் நிற்காவிட்டால் அன்றைக்கே போங்கள். வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் கிளினிக்குக்குப் போக வேண்டாம், நேராக 999. உறைந்த கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

கோலாலம்பூர் வாசகி: வயது 29. கைக்கடிகாரம் ‘ஒழுங்கற்ற துடிப்பு’ என்று ஒரு முறை எச்சரித்தது. நெஞ்சு சில நேரம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடிப்பது போல் இருக்கிறது. இரவெல்லாம் தூக்கம் இல்லை.

தூக்கத்தைக் கெடுத்தது கடிகாரம்தான் என்று நினைக்கிறேன், மகளே. அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடிகாரம் கட்டிக்கொண்ட ஆய்வு 2019-இல் வந்தது. எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 விழுக்காடுதான். பிறகு நெஞ்சில் இ.சி.ஜி. பட்டை ஒட்டிப் பார்த்தபோது அவர்களிலும் மூன்றில் ஒருவருக்குத்தான் நோய் தென்பட்டது. இளம் வயதில் துடிப்பை விட்டுவிட்டு அடிப்பது பெரும்பாலும் முந்திக்கொண்டு வரும் ஒற்றைத் துடிப்பு, ஆபத்தில்லாதது. ஆனாலும் ஒரு இ.சி.ஜி., தைராய்டு, ரத்தசோகை மூன்றையும் பார்த்துவிடுங்கள். மயங்கி விழுந்தாலோ, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: 57 வயது, 25 வருடமாக மாரத்தான் ஓடுகிறேன். குடி, புகை இல்லை. எனக்கு எப்படி இது வந்தது?

அதிகமாக ஓடியதாலும் வரலாம் ஐயா. சுவீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயத்தில் போனவர்கள் 50,000-க்கும் மேற்பட்டோரைப் பார்த்ததில், அதிகப் பந்தயம் முடித்தவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் இந்தக் கோளாறு கூடுதலாக இருந்தது. ஓட்டத்தை விட வேண்டாம். தூரத்தையும் வேகத்தையும் எவ்வளவு இறக்கலாம் என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இதை வெட்டி எடுத்துச் சோபாவில் படுத்திருக்கும் அண்ணனுக்குக் காட்டாதீர்கள், அவருக்கு இது பொருந்தாது.

ஜெலுத்தோங் வாசகர்: 66 வயது. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து மகள் கோப்பியை நிறுத்திவிட்டாள். மிசி, நீங்கள் குடிக்கிறீர்களா?

குடிக்கிறேன். எல்லோரும் முதலில் கோப்பியின்மேல்தான் பாய்கிறார்கள். குடித்தால் சிலருக்குப் படபடக்கும், அவர்கள் விட்டுவிடட்டும். மற்றவர்களுக்கு, 2025-இல் வந்த ஆய்வைச் சொல்கிறேன். மின்அதிர்வில் தாளம் சரிசெய்யப் போன 200 கோப்பிப் பிரியர்களில் பாதிப் பேர் தினமும் ஒரு கோப்பியாவது குடித்தார்கள், பாதிப் பேர் நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் நிறுத்தியவர்களில் 64 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது, குடித்தவர்களில் 47. இதைக் கேட்டுவிட்டு இதுவரை குடிக்காதவர் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

எனக்குக் காலையில் பசியாறும்போது ஒன்று, பத்து மணிக்கு மேலே ஒட்டுக்கடையில் ஒன்று, இரண்டும் பால், சீனி இல்லாத கோப்பி ஓ கொசோங். மதியத்துக்குப் பிறகு குடித்தால் இரவில் விழித்துக்கொண்டு கிடப்பேன். உங்கள் மகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். கெட்டிப்பால் ஊற்றிய கோப்பிக்கு மட்டும் நான் சாட்சி சொல்லமாட்டேன்.